கடப்பாரை இறங்காத மேய்ச்சல் நிலம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுரங்கம் தோண்டி மூடிய நிலம் மறுபடி மேய்ச்சலுக்குத் தயார் என்று காட்ட, அந்த மேட்டில் இடுப்புயரத்துக்குப் புல் நிற்கும் படம் ஒன்றைச் சென்ற வாரம் பார்த்தேன். கார்த்திகையில் எடுத்ததாகத்தான் இருக்கும். கார்த்திகையில் எங்கள் வீட்டுக் கூரை ஓட்டில்கூடப் புல் முளைக்கும்.

நான் ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர். விருத்தாசலம் பக்கம் 3 பசு, ஏழெட்டு ஆடு வைத்துப் பிழைக்கிறேன். நெய்வேலி வட்டாரத்தில் ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க, அதன்மேல் கிடக்கும் மண்ணும் பாறையுமாக 5 கன மீட்டருக்கு மேல் அள்ள வேண்டும். மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி வைக்காமல் கொட்டினால் அடியாழத்துக் களியும் மணற்பாறைத் தூளும் மேலே வந்துவிடும். அதில் மட்கு ஏது, மண்புழு ஏது?

போன தை மாதம், மூடிய நிலம் ஒன்றில் ஆடு மேய்க்கும் தம்பியோடு கடப்பாரை போட்டுப் பார்த்தேன். ஒரு சாண் வரை சுலபமாக இறங்கியது. அதற்குக் கீழே 'ணங்' என்றது. தோண்டினால், கொழுக்கட்டைப்புல்லின் வேர் அந்த இறுகிய தட்டில் முட்டி, பக்கவாட்டில் திரும்பிப் பாயாக விரிந்து கிடக்கிறது. மேலே புல் அப்போதே சருகு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தோண்டாத புறம்போக்கில் கடப்பாரை முழங்கை மறையும் அளவுக்கு இறங்கியது. அங்கே புல் குட்டைதான். ஆனால் மாசிக் கடைசி வரை ஆடுகள் அதில்தான் மேய்ந்தன.

"மண் பரிசோதனை செய்தாயிற்றே" என்பார்கள் சுரங்கக்காரர்கள். 2015இல் வந்த மண்வள அட்டையில் 12 விவரங்கள் உண்டு: கார அமில நிலை, உப்பு, அங்ககக் கரிமம், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், இன்னும் 5 நுண்ணூட்டங்கள். நல்ல அட்டைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அது உழவு நிலத்துக்கு வந்த அட்டை. மண் எத்தனை அடி ஆழம், எவ்வளவு இறுக்கம், ஊற்றிய தண்ணீர் எவ்வளவு நேரத்தில் உள்ளே போகிறது என்பதற்கு அதில் இடமே கிடையாது. மாதிரி எடுப்பதும் 15 சென்டிமீட்டர் சுமாருக்குத்தான். நான் சொன்ன 'ணங்' அதற்கும் கீழே இருக்கிறது. மணற்பாங்கான மண்ணே ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.8 கிராம் என்று இறுகிவிட்டால் வேர் நுழையாது. அப்புறம் யூரியா போட்டு என்ன பயன்?

புல்லை அறுத்து எடை போட்டால் போதாதா என்றால், முதல் வருடம் உரமும் டேங்கர் தண்ணீரும் விட்டால் மொட்டைப் பாறையிலும் எடை காட்டலாம். அமெரிக்காவில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கான 1977ஆம் ஆண்டுச் சட்டம் இதை யோசித்திருக்கிறது. விதைப்பு, உரம், பாசனம் எல்லாம் நிறுத்திய பிறகும் 5 வருடம், மழை குறைந்த இடங்களில் 10 வருடம், சுரங்கக்காரர்தான் பொறுப்பு. இங்கே உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில், தோண்டிய இடத்தில் திரும்பப் புல் வளர்த்து, தீவனம் விளையும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதைச் சுரங்கக் குத்தகை நிபந்தனையாகச் சேர்க்கச் சொன்னது. அந்த நிலை வந்துவிட்டது என்று எதைப் பார்த்து முடிவு செய்வது?

நிலம் தயார் என்று சொல்பவர்கள், மூடிய நிலத்தில் ஏக்கருக்கு ஒரு குழியாவது இடுப்பளவு ஆழத்துக்கு வெட்டட்டும். பக்கத்துத் தோண்டாத நிலத்தில் இன்னொன்று. இரண்டிலும் வேர் எதுவரை போயிருக்கிறது என்று அளந்துவிட்டு, அதன்பிறகு ஏக்கருக்கு எத்தனை மாடு மேயலாம் என்று எழுதட்டும். படத்தைச் சித்திரையில் எடுக்கட்டும். குழி வெட்ட ஆள் கிடைக்காவிட்டால் நானும் அந்தத் தம்பியும் வருகிறோம்.

– ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர், விருத்தாசலம் வட்டம்.