கேம்பர் வேன் வேலையில் உள்ள குறைகள், உங்கள் சர்வீஸ் மேலாளர் பேசிய பேச்சு: புகார் கடிதம்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர், திருச்சி.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
வேன் மாற்றியமைக்கும் நிறுவனம், கோயம்புத்தூர்.

பொருள்: ஈக்கோ வேனைக் கேம்பராக (உள்ளேயே படுத்து, சமைத்துக்கொள்ளும் வண்டியாக) மாற்றியதில் பேட்டரி, கூரை, கேஸ் அறை, ஆர்.சி. பதிவு ஆகிய எதுவும் பேசியபடி இல்லாதது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். உங்கள் சேவை எண்ணில் பேசிப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் அனுப்பினேன், நேரிலும் வந்தேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் எடுத்து "என்ன பிரச்சினை சார்?" என்று முதலிலிருந்து கேட்கிறார். திரும்பத் திரும்ப அதையே சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் நேரடியாக உங்களுக்கே எழுதுகிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

உங்கள் குடும்பப் பேக்கேஜில் என்னென்ன உண்டு என்பது உங்களுக்குத் தெரியும், அதை நான் விவரிக்க வேண்டியதில்லை. நாங்கள் கொடுத்தது 3,40,000 ரூபாய். வேன் எங்களுடையது, பழைய வண்டியாக வாங்கியது. நான் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆய்வக உதவியாளர், என் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தோம். அதுவும் போதாமல் மனைவியின் சங்கிலியை அடகு வைத்தோம். அந்த நகைக்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதை மனதில் வைத்து மீதியைப் படியுங்கள்.

இவ்வளவு சிரமப்பட்டு எதற்கு என்று உங்கள் ஊழியர் ஒருவர் கேட்டார். அவருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் ஐந்து பேர். மே மாதத்தில் கொடைக்கானலிலோ ஊட்டியிலோ எங்களுக்கு இரண்டு அறை எடுக்க வேண்டும். அந்த வாடகையும் மூன்று வேளைச் சாப்பாடும் சேர்ந்தால் இரண்டு நாளில் கைக்காசு தீர்ந்துவிடும். அம்மாவுக்குச் சர்க்கரை, முழங்கால் வலி வேறு. போகிற இடத்திலெல்லாம் கழிப்பறை தேடி அலைய அவரால் முடியாது. சொந்த வேனில் படுக்கையும் அடுப்பும் சின்ன ஃபிரிட்ஜும் ஒரு மடக்குக் கழிப்பறையும் இருந்தால் பெண்கள் மூவரும் உள்ளே படுத்துக்கொள்ளலாம், நானும் மகனும் பக்கத்தில் டென்ட் போட்டுக்கொள்ளலாம். புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்பினால் பெட்ரோலுக்கும் வண்டி நிறுத்தும் வாடகைக்கும்தான் செலவு. பங்க் ஓரத்திலும் உறவினர் வீட்டு வாசலிலும் கேட்டுக்கொண்டு நிறுத்தலாம். கேரவன் சுற்றுலாவுக்குக் கேரள அரசு 2021-இலேயே தனித் திட்டம் கொண்டுவந்தது. ஆனால் பெரிய கேரவனின் நாள் வாடகை எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகாது. எங்களுக்கு உங்களைப் போன்ற மாற்றுவேலைக் கடைகள்தான் வழி. அதை நம்பித்தான் வந்தோம்.

இனி பேட்டரி. உங்கள் கொட்டேஷனில் 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி என்றும், என்ஜின் ஓடும்போது அதற்குச் சார்ஜ் ஏற்ற டிசி-டு-டிசி சார்ஜர் என்றும் தெளிவாக இருக்கிறது. சோலாருக்குப் பணம் போதவில்லை என்பதால்தான் இந்தச் சார்ஜரை நானே கேட்டுச் சேர்க்கச் சொன்னேன். கணக்கைப் பாருங்கள். 12.8 வோல்ட் 100 ஆம்பியர்-அவர் என்றால் அதில் 1,280 வாட்-அவர் மின்சாரம் இருக்கும். ஃபிரிட்ஜ் 45 வாட். இரவு பத்து மணி நேரத்தில் கம்ப்ரசர் பாதி நேரம் ஓடினால்கூட 225 வாட்-அவர்தான் ஆகும். 25 வாட் விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 200. லைட்டுக்குக் கொஞ்சம். தாராளமாக இரண்டு இரவு வர வேண்டும். எங்களுக்கு ஓர் இரவில் பாதிகூட வரவில்லை.

இராமேஸ்வரத்தில் வாடகை கொடுத்து ஓர் இடத்தில் நிறுத்தியிருந்தோம். நள்ளிரவுக்குள் ஃபிரிட்ஜும் நின்றது, விசிறியும் நின்றது. அம்மாவின் இன்சுலின் அந்த ஃபிரிட்ஜில்தான் இருந்தது. மறுநாள் வெயிலில் வேன் அனலாகக் கொதித்தது, மருந்து முழுவதும் சூடாகிவிட்டது. மருத்துவர் அதைத் தூக்கிப் போடச் சொன்னார். தனுஷ்கோடியைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் பல வருட ஆசை. அதை விட்டுவிட்டுத் திருச்சிக்குத் திரும்பினோம். அந்தப் பயணத்தை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்? பத்து லட்சம் கொடுத்தாலும் ஈடாகாது.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் பக்கத்துப் பேட்டரிக் கடைக்காரரிடம் காட்டினேன். அவர் பெட்டியை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்ததுமே "இது லித்தியம் இல்ல சார், இப்படிக் கனக்காது" என்றார். 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி 12, 13 கிலோதான் இருக்கும். லெட் ஆசிட் என்றால் 30 கிலோவை நெருங்கும். பெட்டியைத் திறந்தால் வாரண்டி போய்விடும் என்று உங்கள் ஆட்கள் பயமுறுத்தி வைத்திருந்ததால் அதுவரை நான் தொடவே இல்லை. திறந்தால் உள்ளே இருந்தது சாதாரண லெட் ஆசிட் பேட்டரி. அதன் சார்ஜைப் பாதிக்கு மேல் இறக்கவே கூடாது என்பது உங்களுக்குத் தெரியாதா? டிசி-டு-டிசி சார்ஜரைத் தேடினோம், அப்படி ஒன்று வண்டியிலேயே இல்லை. ஒரு ரிலே சுவிட்சும் மெல்லிய ஒயரும்தான். என்ஜினை ஓட்டிவிட்டுத் தொட்டுப் பார்த்தால் ஒயர் சுடுகிறது. எல்லாவற்றையும் படம் எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இதைச் சொல்லத்தான் கோயம்புத்தூர் வந்தேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னது உங்கள் அலுவலகம். பள்ளியில் விடுப்புப் போட்டுவிட்டு விடியும் முன்பே கிளம்பி, கரூர், காங்கேயம் வழியாக வந்து சேர்ந்தோம். என் மனைவியும் அம்மாவும் கூட வந்தார்கள். அன்று பட்டறை மூடியிருந்தது. காவலாளி, பாவம், நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். உங்கள் நிறுவனத்தில் எங்களை மனிதர்களாக நடத்தியவர் அவர் ஒருவர்தான். மதியம் மூன்று மணிக்கு மேல் உங்கள் சர்வீஸ் மேலாளர் வந்தார். வேன் கதவைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. பைக்கில் உட்கார்ந்தபடியே பேசினார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இந்தக் காசுக்கு இவ்வளவுதானுங்க வரும். எல்லா வசதியும் வேணும்னா ரெடிமேட் கேரவன் வாங்கியிருக்கோணும். கரன்ட் பத்தலீன்னா ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கி உள்ளே வெச்சுக்கோங்க."

என் அம்மாவின் முன்னால், என் மனைவியின் முன்னால் சொன்னார். சங்கிலியை அடகு வைத்த என் மனைவி ஒன்றும் பேசாமல் போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார். ஐயா, விலையைச் சொன்னது நீங்கள். நான் பேரம் பேசி ஒரு ரூபாய் குறைக்கவில்லை. கேட்ட விலையைக் கொடுத்தேன், எழுதிக் கொடுத்த பொருளைக் கேட்கிறேன். குறைந்த பட்ஜெட்காரன் என்றால் எதை வைத்துத் தள்ளினாலும் வாங்கிக்கொண்டு போக வேண்டுமா? எங்கள் வசதிக்குள் எது முடியுமோ அதைத்தான் கேட்டோம். அந்த அளவுக்கு உள்ளது முழுசாக வர வேண்டாமா? அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமே இல்லை.

அதிலும் ஜெனரேட்டரை உள்ளே வைக்கச் சொன்னாரே! 2024 டிசம்பரில் கேரளாவில் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று செய்தியில் வந்தது. கேரவன் தொழில் செய்யும் உங்களுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. மூன்று பெண்கள் படுக்கும் வேனுக்குள் ஜெனரேட்டர் வைக்கச் சொல்பவரை வாடிக்கையாளரிடம் பேச விடலாமா?

கேஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தங்கும். அதனால் சிலிண்டர் வைக்கும் அறையின் அடியில் வெளியே திறக்கும் துளை வேண்டும் என்று கேட்டேன், வைப்பதாகச் சொன்னீர்கள். துளை இருக்கிறது. அதன்மேல் உங்கள் தச்சர் பிளைவுட்டை அடித்து மூடியிருக்கிறார்! கேஸ் அலாரம் கொட்டேஷனில் இருக்கிறது, வண்டியில் இல்லை. அதைப் பார்த்ததிலிருந்து உள்ளே அடுப்புப் பற்றவைக்கவே பயமாக இருக்கிறது. மழையிலும் வெளியில்தான் சமைத்தோம்.

மழை என்றதும் கூரையைச் சொல்ல வேண்டும். இது இராமேஸ்வரத்துக்கு முன்பே நடந்தது. வால்பாறை போனோம். அந்த மழை எப்படி இருக்கும் என்று கோயம்புத்தூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூரை விசிறி பொருத்திய இடத்தைச் சுற்றித் தண்ணீர் இறங்கி மெத்தை முழுவதும் நனைந்தது. மகள் இரவு முழுக்க முன் சீட்டில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். அதற்கு உங்கள் ஆட்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய தீர்வு, "சிலிக்கான் வாங்கித் தடவுங்க சார்" என்பதுதான். தடவினேன், மறுபடியும் ஒழுகுகிறது. கட்டில் பலகை ஊதிப் பிரிந்து வருகிறது. தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட் என்று எழுதிக் காசு வாங்கினீர்கள். மரைன் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 710 முத்திரை இருக்க வேண்டும். பிரிந்த பலகையின் பின்னால் சாதாரணப் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 303 என்று அச்சாகியிருக்கிறது. அதற்கும் படம் இருக்கிறது.

ஆர்.சி. பற்றி ஒரு வார்த்தை. மாற்றத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்து தருவதாகச் சொல்லித் தனியாகப் பணம் வாங்கினீர்கள். இன்றுவரை செய்யவில்லை, கேட்டால் "ஃபைல் மூவ் ஆகுது" என்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு இருக்கும்போது, பதிவில் இல்லாத மாற்றத்தோடு நான் எந்தத் தைரியத்தில் நெடுஞ்சாலையில் போவது? விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு என்ன பதில் சொல்வது? வண்டி இப்போது வாசலில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. கோடை விடுமுறை முழுவதும் வீணாகிவிட்டது. பிள்ளைகள் இப்போதெல்லாம் எங்கே போகலாம் என்று கேட்பதே இல்லை. இனி இந்தக் குடும்பம் எங்கேயும் கிளம்பாது போல.

உங்கள் தொழிலைக் கெடுக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. படுக்கை மடங்கும் விதமும், பின்கதவில் இழுத்தால் வரும் சமையல் மேடையும் நன்றாகத்தான் செய்திருக்கிறீர்கள். அதைச் செய்தவருக்கு வேலை தெரியும். அப்படிப்பட்டவரை அனுப்பி மீதியையும் சரி செய்து கொடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எழுதிக் கொடுத்த லித்தியம் பேட்டரியையும் சார்ஜரையும் சரியான தடிமன் ஒயரோடு பொருத்துங்கள். கூரையைக் கழற்றி முறையாக அடைத்து, பலகைகளை மாற்றுங்கள். கேஸ் துளையைத் திறந்து அலாரம் வையுங்கள். ஆர்.சி. பதிவை முடித்துக் கொடுங்கள். வண்டியை எடுத்துப் போவதும் கொண்டுவந்து விடுவதும் உங்கள் செலவில். இவற்றைச் செய்ய முடியாது என்றால் 3,40,000 ரூபாயையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். அதற்காக நான் கோயம்புத்தூர் வரத் தேவையில்லை, நீங்கள்தான் திருச்சிக்கு வர வேண்டியிருக்கும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் எனக்கு மனுக் கட்டணமும் கிடையாது. அங்கே போனால் பணத்தோடு சேர்த்து, இன்சுலின் செலவு, நகை வட்டி, மன உளைச்சலுக்கு 5 லட்சம் என்று எல்லாவற்றையும் கேட்பேன். அந்த அளவுக்கு இதைக் கொண்டுபோக மாட்டீர்கள் என்று இன்னமும் நம்புகிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பதில் சொல்ல அந்தச் சர்வீஸ் மேலாளரை எனக்குப் போன் செய்யச் சொல்லாதீர்கள். அவர் பேச விரும்பினால், முதலில் என் அம்மாவிடமும் மனைவியிடமும் மன்னிப்புக் கேட்டு எழுதி அனுப்பட்டும். கொட்டேஷன் நகல், பணம் கட்டிய ரசீதுகள், வாட்ஸ்அப் உரையாடல், பேட்டரி, பலகை, கேஸ் அறைப் படங்கள் ஆகியவற்றை இணைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். உங்கள் மின்னஞ்சலுக்கும் இன்றே ஒரு பிரதி வரும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
திருச்சி.