தையல் சான்றிதழும் பவர் மிஷினும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரியில் 20 ஆண்டுகளாகத் தையல்கடை நடத்தி வருகிறேன். பிளஸ் டூவுக்குப் பிறகு மேற்கொண்டு படிக்க வசதியில்லாத என் அண்ணன் மகள், சமுதாயக் கல்லூரி ஒன்றில் ஆடை மற்றும் துணியியல் பட்டயப் படிப்பை ஓராண்டு படித்து, நல்ல மதிப்பெண்ணுடன் முடித்து, மேட்டுப்பாளையம், அவிநாசி வழியாகத் திருப்பூருக்கு வேலைக்குப் போனாள். 11 நாளில் திரும்பி வந்துவிட்டாள்.

அவள் உழைப்புக்கு அஞ்சுபவள் அல்ல. கல்லூரியில் அவள் பழகியது கால்மிதி மிஷினில். கம்பெனியில் உட்கார வைத்ததோ மோட்டாரில் ஓடும் பவர் டேபிள் மிஷினில். நிமிடத்துக்கு 5000 தையல் வரை ஓடக்கூடிய மிஷினின் பெடலை வீட்டு மிஷின் நினைப்பில் அழுத்தினால் துணி கையை விட்டு ஓடிவிடும். குதிகாலால் பின்னோக்கி அழுத்தினால் நூல் தானாக அறுபடும் என்பதையே அவள் அங்கேதான் கண்டாள். இரண்டாம் நாளே அவளை ஹெல்பராக மாற்றினார்கள். சம்பளமும் அதற்கேற்பக் குறைந்தது.

1995இல் புதுச்சேரியில் நாட்டின் முதல் சமுதாயக் கல்லூரி தொடங்கியபோதே, படிப்பு நேரே வேலைக்கு இட்டுச்செல்ல வேண்டும் என்பதுதான் நோக்கம். பல்கலைக்கழக மானியக் குழுவின் திட்டமும் தொழில் நிறுவனங்களோடு இணைந்த பயிற்சியை வலியுறுத்துகிறது. இவளுக்குக் கிடைத்த பயிற்சியோ ஒருநாள் பேருந்துப் பயணம். ஆலை வாசலில் எடுத்த குழுப்படம் மட்டும் வீட்டில் இருக்கிறது.

வகுப்புப் பாடத்தை நான் குறைசொல்ல மாட்டேன். 100 சதுர சென்டிமீட்டர் அளவில் துணியை வட்டமாக வெட்டி எடைபோட்டு, வரும் கிராமை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை, என்பதை அவள்தான் எனக்குச் சொல்லித் தந்தாள். அதுவரை விரலால் தடவித்தான் கனம் பார்த்து வந்தேன். ஆனால் துணியைச் சோதிக்கும் அறையில் ஈரப்பதம் 65 விழுக்காடு இருக்க வேண்டும் என்று எழுதிப் படித்தவர்களிடம், ஐப்பசியில் சன்னல் வழியே மூடுபனி நுழையும் எங்கள் ஊரில் அதே பருத்தித் துணி ஏன் கூடுதல் எடை காட்டுகிறது என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் நீலகிரியின் தோடர் பழங்குடிப் பெண்கள் போடும் தோடர் எம்பிராய்டரி 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. துணியை இழுத்துப் பிடிக்கும் மரச்சட்டம் இல்லாமல், படமும் வரையாமல், வெள்ளைத் துணியின் குறுக்கிழையையும் நெடுக்கிழையையும் ஒவ்வொன்றாக எண்ணிச் சிவப்பும் கறுப்புமாக நூல் கோக்கும் வேலை அது. லக்னோவின் சிக்கன்காரி, வங்காளத்துக் காந்தா ஆகியவற்றோடு அதுவும் அவளுடைய குறிப்பேட்டில் ஒரு பத்தியாக இருக்கிறது. அருகிலுள்ள மந்துகளிலிருந்து (தோடர் குடியிருப்புகளிலிருந்து) ஒரு தோடர் பெண்மணியைக்கூட ஊதியம் தந்து ஆசிரியராக அழைக்கவில்லை. அவர்களுக்குப் பட்டம் இல்லை என்பது காரணமானால், அந்த விதியைத்தான் திருத்த வேண்டும்.

ஒரு கூடத்துக்குப் பத்துப் பவர் டேபிள், துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மிஷின் இரண்டு, பின்னலாடையின் மடிப்பைத் தைக்கும் பிளாட்லாக் மிஷின் ஒன்று இருந்தால் போதும். பழைய மிஷின்களாக இருந்தாலும் பழுதில்லை. மூன்று மாதமாவது ஆலையில் பயிற்சியும், அங்கே மாணவிகளுக்குப் பாதுகாப்பான தங்குமிடமும் வேண்டும். இவற்றை மாவட்ட நிர்வாகம் கவனிக்கக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, அடுத்த சேர்க்கைக்கு விண்ணப்பம் தருமுன் பெற்றோரைத் தையற்கூடத்துக்குள் அழைத்துப் போய், அங்குள்ள மிஷின்களைக் கல்லூரிகள் காட்டட்டும். என் அண்ணன் மகள் இப்போது என் கடையில் காஜா (பொத்தான் துளை) எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
தையல்கடைக்காரர் ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.