அந்தத் தபாலகக் கதையைப் பார்த்துவிடு, தேவி

ஹட்டன்
ஞாயிறு இரவு

அன்பின் தேவி,

நீ, மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சுகம். மழை விடுவதாக இல்லை. அக்காவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. பெரிய டீச்சர் வழுக்கி விழுந்து, இப்போது எழுந்து நடமாடுகிறார். உன்னை விசாரித்தார், வழக்கமான கேள்வியைக் கேட்டார், நானும் வழக்கமான பதிலைச் சொன்னேன். செய்தி இவ்வளவுதான். இனி எழுத வந்ததை எழுதுகிறேன்.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பாதியில் வேறு கதைக்குத் தாவிவிடுவாய். கடிதத்தில் என்னைக் குறுக்கே மறிக்க உன்னால் முடியாது. போன தடவை பேசும்போது நீதானே கேட்டாய்: "இந்த மெகா தொடர்கள் வெறுத்துப் போய்விட்டன, பார்க்கிற மாதிரி ஏதாவது இருந்தால் சொல்." சொல்லி முடிப்பதற்குள் ஒன்பது மணியாகிவிட்டது, மாமியார் நஞ்சு கலந்தாளா இல்லையா என்று பார்க்கத் தொலைபேசியை வைத்துவிட்டாய். அந்த மாமியார் இன்னும் மூன்று வருடத்துக்கு நஞ்சு கலக்கத்தான் போகிறாள். நீ நான்கே நாள் அவளை விட்டுவிட்டு நான் சொல்வதைப் பார்.

அக்காவின் மகன் லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். தன் மடிக்கணினியில் 'மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் த போஸ்ட் ஆபீஸ்' என்ற தொடரைக் காட்டினான். மொத்தமே நான்கு பாகம். 2024 ஜனவரி முதலாம் திகதி தொடங்கி அடுத்தடுத்து நான்கு இரவுகள் இங்கிலாந்தின் ஐடிவி தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகியிருக்கிறது. நடந்த கதை, தேவி. கற்பனை என்றால் இவ்வளவு நீளக் கடிதம் எழுதமாட்டேன்.

அந்த நாட்டில் ஊர் மூலைகளில் ஒரு சிறிய கடையும் தபாலகமும் சேர்த்து நடத்துகிற உப தபாலதிபர்கள் இருக்கிறார்கள். ஓய்வூதியம் வாங்க வருகிற கிழவிகளின் பெயரெல்லாம் தெரிந்தவர்கள். 1999இலிருந்து அவர்களுக்கெல்லாம் 'ஹொரைஸன்' என்று ஒரு கணினிக் கணக்கு முறையைக் கொடுத்தார்கள். அதைச் செய்தது புஜிட்சு நிறுவனம். மாலையில் கணக்கு முடித்தால் காசு குறைகிறது என்றது கணினி. பெட்டியில் காசு சரியாகத்தான் இருக்கும். ஆனால் குறைவை உப தபாலதிபரே கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். உதவி கேட்டுத் தொலைபேசி எடுத்தால், "வேறு யாருக்கும் இப்படி நடக்கவில்லையே, உங்களுக்கு மட்டும்தான்" என்ற பதில். நாடு முழுவதும் ஆயிரக்கணக்கானோர் ஒரே துன்பத்தில் இருந்திருக்கிறார்கள், ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு!

ஜோ ஹமில்டன் என்ற பெண் வருகிறாள். மொனிகா டோலன் நடித்திருக்கிறார். 2,000 பவுண்ட்ஸ் குறைகிறது என்று உதவிப் பிரிவுக்கு அழைக்கிறாள். அவர்கள் சொன்னபடி ஒவ்வொரு பொத்தானாக அழுத்துகிறாள். கண்ணெதிரே குறைவு இரட்டிப்பாகி 4,000 ஆகிறது. அவள் முகத்தை அப்போது நீ பார்க்க வேண்டும். சத்தம் போட்டு அழவில்லை. தன் மூளை மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. கடைசியில் திருட்டுக் குற்றச்சாட்டைக் கைவிடுகிறோம், பொய்க் கணக்கு எழுதியதாக ஒப்புக்கொள் என்கிறார்கள். சிறைக்குப் பயந்து, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள். ஊர்க்காரர்கள் காசு சேர்த்துக் கொடுக்கிறார்கள், நீதிமன்றத்துக்கும் கூடவே வந்து நிற்கிறார்கள்.

அந்த இடத்தில்தான் நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். அக்கா மகன் பயந்துவிட்டான். அவனுக்கு என்ன தெரியும்? எனக்கு உன் அப்பாவின் முகம் வந்துவிட்டது.

நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் நாம் இருவரும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. நீ சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. அந்த வருடக் கடைசியில் உன் அப்பாவின் கடைக்குச் சரக்குக் கணக்கெடுக்க வந்தவர்கள் 'சோட்', அதாவது குறைவு, என்று ஒரு தொகையை எழுதிக் கையொப்பம் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அரிசி மூட்டை வரும்போதே எடை குறைந்துதான் வரும், மண்ணெண்ணெய் பீப்பாயிலேயே ஆவியாகும், இந்த மழை ஊரில் சீனி கசிந்து சாக்கோடு போகும். கடை நடத்திய எல்லோருக்கும் இது தெரியும், கணக்கெடுத்தவருக்கும் தெரியும். ஆனால் தாளில் இருந்த எண்தான் பேசியது. உன் அம்மாவின் தாலிக்கொடி போனதை நான் பார்த்தேன். அடுத்த தவணை முழுவதும் வகுப்பில் பின் வாங்கிலிருந்து வந்த அந்தச் சொல்லையும் கேட்டேன். நீ திரும்பிப் பார்க்காமல் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

உன் அப்பாவுக்கு ஊர் வரவில்லை, தேவி. ஜோவுக்கு வந்தது. அந்த வேறுபாடுதான் என்னைப் போட்டுக் குடைகிறது. எல்லோருக்கும் தெரிந்திருந்தும் எல்லோரும் வீட்டுக்குள் இருந்துவிட்டார்கள்.

எழுந்து போனேன் என்றேன், திரும்பி வந்து முழுவதும் பார்த்தேன். பார்க்க வேண்டியது இனிமேல்தான். அலன் பேட்ஸ் என்ற மனிதர் வேல்ஸில் கடலோர ஊர் ஒன்றில் தபாலகம் நடத்தியவர். குறைவைக் கட்ட மறுத்ததால் 2003இல் அதை இழந்தவர். டோபி ஜோன்ஸ் நடித்திருக்கிறார். தொண்டை நரம்பு புடைக்கப் பேசும் வசனம் ஒன்றுகூட இல்லை. எல்லாக் கடிதங்களையும் கோப்பில் வைத்திருக்கிறார், அவ்வளவுதான் அவருடைய ஆயுதம். 2009இல் ஒரு கிராம மண்டபத்தில் பாதிக்கப்பட்டவர்களை ஒன்றுகூட்டுகிறார். யாராவது வருவார்களா என்று காத்திருக்கும்போது ஒவ்வொருவராக உள்ளே வருகிறார்கள். தமக்கு மட்டும் என்று நினைத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். அந்தக் காட்சிக்காகவே இதைப் பத்துப் பேருக்குச் சொல்வேன்.

பிறகு 555 பேர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2019இல் நீதிமன்றம், கணினி முறையில் பிழைகள் இருந்தன என்று தீர்ப்பளித்தது. 2021இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் 39 பேரின் தண்டனைகளை ரத்துச் செய்தது. ஆனால் தண்டிக்கப்பட்டவர்கள் மொத்தம் 900க்கும் மேல்! அவர்களில் கர்ப்பிணியாகச் சிறை சென்ற, இந்திய வம்சாவளிப் பெண்ணும் உண்டு. பத்திரிகைகள் எழுதின, விசாரணைக் குழு உட்கார்ந்தது, வருடங்கள் போயின. நான்காம் பாகம் முடிந்து ஒரு வாரத்துக்குள் பிரதமர் எழுந்து சட்டம் கொண்டுவருவோம் என்றார். 2024 மே மாதம் சட்டம் நிறைவேறி, தண்டனைகள் மொத்தமாக நீங்கின. அந்தத் தபால் நிறுவனத்தின் முன்னாள் தலைமை நிர்வாகி தன் அரச விருதைத் திருப்பிக் கொடுத்தார். 

பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்த மக்களுக்குப் புதிதாக ஒரு தகவலும் அந்தத் தொடர் சொல்லிவிடவில்லை. செய்தியில் வந்ததுதான். ஆனால் செய்தியில் அவர்கள் ஒரு தொகை. தொடரில் கேக் சுடுகிற, பொத்தானை அழுத்தப் பயப்படுகிற ஒரு பெண். தொலைக்காட்சித் தொடரை நேரம் போக்குவதற்கான ஒன்று என்று சொல்பவர்களோடு இனி நான் சண்டைக்குத்தான் போவேன்.

உனக்கு 'ஓஷின்' தொடர் நினைவிருக்கிறதா? உங்கள் பெரியப்பா வீட்டில் கார் பெட்டரியில் ஓடிய கறுப்பு வெள்ளைப் பெட்டி, ரூபவாஹினித் தொலைக்காட்சியில் சிங்களம் பேசிய ஜப்பான் பிள்ளை. அவளும் இதே கதைதான் என்று இப்போதுதான் எனக்குப் பிடிபடுகிறது. ஏழு வயதில் ஒரு மூட்டை அரிசிக்காக வேலைக்கு அனுப்புகிறார்கள். பனி கொட்டும் ஆற்றில் தெப்பம் போக, அப்பன் கரையோரம் ஓடி வருகிறான். அந்தக் காட்சியில் தோட்ட லயத்துப் பெண்கள் எல்லோரும் அழுதார்கள். கொழும்பு வீடுகளுக்குப் பிள்ளையை வேலைக்கு அனுப்பியவர்கள் அழாமல் எழுந்து போனார்கள். வேலை செய்த வீட்டில், அவளுடைய பாட்டி கொடுத்த ஐம்பது சென் நாணயத்தை அவள் திருடினாள் என்று பழி போட, பிள்ளை பனியில் ஓடிவிடுகிறாள். நீ அந்த இரவு சாப்பிடவில்லை. காரணம் எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. ஜப்பானின் என்எச்கே 1983இல் தொடங்கி ஒரு வருடம், பதினைந்து நிமிடப் பாகங்களாக 297 பாகம் காட்டியிருக்கிறது. நீளம் என்றால் அப்படி ஒரு நீளம் இருக்கலாம். அதில் ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையும் ஒரு நாட்டின் நூற்றாண்டும் இருந்தன. இப்போது நீ பார்க்கிற தொடரில் ஒரே நாள் மூன்று வாரம் ஓடுகிறது.

எங்கள் அம்மா தேயிலைக் கொழுந்து நிறுக்கிற தராசு முன்னால் நின்றதும் இதேதான். மழை நாளில் ஈரத்துக்கு இத்தனை கிலோ, சாக்குக்கு இத்தனை கிலோ என்று வெட்டி எழுதுவார்கள். முதுகில் சுமந்தவளுக்குப் பாரம் தெரியும், எழுதியவரின் கொப்பிக்குத் தெரியாது. அம்மா எதிர்த்துப் பேசிய நாளில் அரை நாள் பெயர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழுந்தது. இதையெல்லாம் எவராவது நான்கு இரவுக் கதையாக எடுக்க வேண்டும் என்று ஏங்குகிறேன். 1948இல் நம் மலையக மக்களின் குடியுரிமை போனது, 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் கையொப்பமிட்டு ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கு என்று பிரித்தது, உன் சின்னம்மா தலைமன்னாரில் கப்பல் ஏறியது. 2023இல், நம்மவர்கள் இங்கே வந்து இருநூறு வருடம் என்பதற்காக 'மலையகம் 200' என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அந்த நடையையே ஒரு தொடரின் முதல் காட்சியாக வைக்கலாம். பேச்சும் மலர் வெளியீடும் நமக்குக் குறைவில்லை. முகம்தான் இல்லை.

சரி, உன் பட்டியலுக்கு மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். 'செர்னோபில்' ஐந்து பாகம், 2019இல் வந்தது. 1986இல் அணு உலை வெடித்ததையும் அதை மறைத்ததையும் காட்டும். நெஞ்சுரம் இருந்தால் மட்டும் பார், தீயணைப்புக்காரனின் மனைவி வருகிற இடங்களில் பிள்ளைகளை அறையில் வைத்துக்கொள்ளாதே. தமிழில் 'சுழல்' முதல் பருவம் நன்றாக இருக்கிறது, எட்டுப் பாகம். சீமெந்துத் தொழிற்சாலை, வேலைநிறுத்தம், மயானக் கொள்ளைத் திருவிழா என்று ஒரு ஊரையே பார்க்கலாம். முடிவை மருமகன் ஊகித்துவிடுவார், வாயை மூடிக்கொண்டு பார்க்கச் சொல். சிரிக்க வேண்டுமென்றால் 'தலைவெட்டியான் பாளையம்'. அதை இயக்கிய நாகாதான் 'விடாது கருப்பு' எடுத்தவர். ஆசிரியர் விடுதியில் அந்தக் கசெட்டைப் பார்த்துவிட்டு இருட்டில் வெளியே போக என்னை எழுப்பியவள் யார் என்று நான் உன் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லவா? புதிய தொடரில் பேய் கிடையாது, நீ தைரியமாகப் பார்க்கலாம்.

ஆனால் முதலில் அந்த நான்கு பாகம். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார். அவளுக்குத் தன் தாத்தாவைப் பற்றி என்ன தெரியும்? கடை வைத்திருந்தார், பேசாத மனிதர், சீனி போடாமல் தேநீர் குடிப்பார். ஏன் சீனி போடமாட்டார் என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

இன்னொன்று கேட்கிறேன், கோபப்படாதே. உன் அப்பா ஒவ்வொரு மூட்டையும் இறங்கும்போது எடை போட்டுச் சிவப்பு அட்டைக் கொப்பியில் குறித்து வைத்திருந்தாரே. வவுனியாவுக்குப் போகும்போது அதைத் தகரப்பெட்டியில் வைத்தது நான்தான். எங்கேயும் கொடுக்கச் சொல்லவில்லை, வழக்குப் போடச் சொல்லவில்லை. கணக்கெடுத்தவர்கள் யாரும் இன்று இல்லை. நீயும் நானும் உட்கார்ந்து அதைக் கூட்டிப் பார்க்க வேண்டும். முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவள் நான். எவ்வளவு வந்தது, எவ்வளவு விற்றது, எவ்வளவு கசிந்தது என்று ஒரு தாளில் எழுதுவோம். கீழே அவருடைய முழுப் பெயரை எழுதுவோம். அதை உன் மகளும் பேரப்பிள்ளைகளும் வாசிக்கட்டும்.

டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு வருவதாகச் சொன்னாய். வரும்போது கொப்பியைக் கொண்டுவா. பஸ்ஸில் பெட்டிக்குள் போடாதே, கைப்பையில் வைத்துக்கொள், பொலித்தீன் உறை ஒன்றையும் சுற்று. கண்டிக்கு இந்தப் பக்கம் மழைதான். பெரிய டீச்சர் வீட்டுக்கும் போவோம், கேள்விக்கு இந்தத் தடவை நீயே பதில் சொல். மருமகனுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. பார்த்து முடித்த இரவே எழுது.

அன்புடன்
ரெஜினா