அமெரிக்கச் செய்தி ஆசிரியர்களுக்கு: பயிற்சிக்குச் சம்பளம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

நாட்டு மக்கள்தொகையில் சிறுபான்மையினர் எத்தனை விழுக்காடோ, செய்தி அறைகளிலும் அத்தனை இருக்க வேண்டும் என்று 1978இல் உங்கள் சங்கம் இலக்கு வைத்தது. கெடு 2000. அது தவறியதும் 2025க்குத் தள்ளினீர்கள். அந்தச் சங்கத்தின் வாரிசு அமைப்போ கெடு வருமுன்பே கலைந்துபோனது. 2020 கணக்கெடுப்பில் ஹிஸ்பானிக் மக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க, ஸ்பானிஷ் வழிவந்தவர்கள், ஏறத்தாழ 19 விழுக்காடு. 2022இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது செய்தியாளர்களில் அவர்கள் 8 விழுக்காடுதான்.

தகுதியான ஆள் கிடைப்பதில்லை என்கிறீர்கள். ஆள் எடுக்கும் முறையைச் சற்றுப் பாருங்கள். மாணவர்கள் செய்தி அறையில் வேலை பழகும் கோடைப் பயிற்சிக்குப் பல இடங்களில் முந்தைய இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பம் முடிகிறது. வெளியான செய்திகள் ஐந்தாறு கேட்கிறீர்கள். மாலையில் கடையில் நின்று சம்பாதித்துப் படிக்கும் பெண்ணுக்குக் கல்லூரிப் பத்திரிகையில் உட்கார நேரமேது? சில நாளிதழ்கள் சொந்தக் காரும் கேட்கின்றன. எல்லாம் தாண்டி வந்தால், சம்பளம் இல்லை, கல்லூரி கிரெடிட் (பட்டப் படிப்பில் கணக்கில் சேரும் பாட அலகு) உண்டு என்று பதில் சொல்லும் நிறுவனங்கள் இன்னும் இருக்கின்றன. அந்த கிரெடிட்டுக்குக் கோடைப் பருவக் கட்டணம் கட்டுவது யார்? மாணவர்தான். பத்து வாரம் உங்களுக்கு உழைப்பதற்கு அவரே கல்லூரிக்குப் பணம் கட்டுகிறார். நியூயார்க், வாஷிங்டன் என்றால் வாடகையும் முன்பணமும் தனி. கோடையில் சம்பாதித்தால்தான் அடுத்த பருவத்துக்குக் கட்டணம் என்ற வீட்டுப் பிள்ளை அங்கேயே விலகிவிடுகிறார். நீங்கள் சோதிப்பது பெற்றோரின் வங்கிக் கணக்கை.

ஆகவே கேட்கிறோம்: பயிற்சிக்குச் சம்பளம் கொடுங்கள். தங்குமிடப் பணத்தை வேலை தொடங்குமுன்பே கொடுங்கள். முதல் சம்பளம் வரும்வரை வீட்டுக்காரர் காத்திருக்க மாட்டார்.

உள்ளே வந்தவர்களின் நிலையும் சுகமில்லை. புயலோ குடியேற்றச் சோதனையோ வந்தால் ஸ்பானிஷ் பேட்டிகளை எடுத்துத் தர அவர்களைக் கூப்பிடுவீர்கள். செய்தியில் பெயர் வேறொருவருக்குப் போகும், கூடுதல் ஊதியமும் இராது. ஆட்குறைப்பு வந்தாலோ, கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே. தென் கலிபோர்னியா லத்தீனோக்களை (லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்களை) பற்றி லத்தீனோ செய்தியாளர் குழு எழுதிய தொடருக்காக 1984இல் புலிட்சர் இதழியல் பரிசு வாங்கியது லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ். 2024 ஜனவரியில் அங்கே குறைந்தது 115 பேர் வேலை இழந்தபோது, லத்தீனோ செய்தியாளர்கள் பலரும் அதில் இருந்தார்கள். லத்தீனோ மக்களைப் பற்றி எழுதிய முன்னோடிச் செய்தியாளர் ரூபன் சலாசர் பெயரில் உதவித்தொகை உண்டு. அவர் வழியில் எழுத வருபவருக்கு நாற்காலிதான் இல்லை.

கடுமையாகப் பேசிவிட்டோம், பொறுத்தருளுங்கள். ஹிஸ்பானிக் செய்தியாளர் தேசியச் சங்கம் 1984 முதல் தன் பங்குக்குச் செய்துவருகிறது. ஆனால் வேலை தருவது நீங்கள். பயிற்சிக்குச் சம்பளம், பயிற்சி முடித்தவர்களில் ஒருவருக்காவது நிரந்தர வேலை, ஸ்பானிஷ் பணிக்குத் தனி ஊதியம்: இவற்றை அடுத்த கோடை அறிவிப்பிலேயே எழுத்தில் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

வணக்கத்துடன்,
இதழியல் மாணவர்களின் விண்ணப்பங்களைத் திருத்தித் தரும் சிலர்