லாத்வியர்களின் லீகோ இரவும் 'அஞ்ஞானம்' என்ற சொல்லும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பாவின் நடுக்கோடை விழாக்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அதில் பால்டிக் கடலோர நாடான லாத்வியாவின் நடுக்கோடை விழாவான லீகோ இரவை 'அஞ்ஞானிகள் காலத்து எச்சம். இன்று சுற்றுலாப் பயணிகளுக்கான வேடிக்கை' என்று ஒரே வரியில் கடந்து போயிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

ஜூன் 23 அன்று மாலை தலைநகர் ரீகாவின் மக்கள் பெரும்பாலும் கிராமத்து உறவினர் வீடுகளுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஆண்கள் ஓக் இலை மாலையும் பெண்கள் காட்டுப் பூ மாலையும் சூடி, பெருஞ்சீரகத்தை ஒத்த ஒரு விதை கலந்த பாலாடைக்கட்டியையும் வீட்டு பியரையும் பகிர்ந்துகொண்டு, கதிரவன் மறைவதிலிருந்து மறுநாள் எழும் வரை அணையாமல் எரியும் நெருப்பைச் சுற்றி விடிய விடியப் பாடுகிறார்கள். மறுநாள் திருமுழுக்கு யோவானின் திருநாள். யோவான் என்ற பெயரின் லாத்விய வடிவம் யானிஸ். ஆனால் அந்தப் பாட்டுகளில் வரும் யானிஸ், அழகிய குதிரையில் வரும் 'கடவுளின் மகன்'. சோவியத் ஆட்சி 1959-இல் இவ்விழாவை ஒடுக்க முற்பட்டபோதும் மக்கள் தங்கள் வீடுகளிலும் தோட்டங்களிலும் அதைக் கைவிடவில்லை. வேடிக்கை காட்டுவதற்காக மட்டும் ஒருவர் இத்தனை காலம் தடையை மீறிக்கொண்டிருக்க மாட்டார்.

இதற்கெல்லாம் ஆதாரமாக நிற்பவை 'தைனா' எனப்படும் நாட்டுப்பாட்டுகள். பெரும்பாலும் நான்கே அடிகள்தான். 13-ஆம் நூற்றாண்டில் சிலுவைப் போர் வீரர்கள் வாளோடு வந்து திருமுழுக்குக் கொடுத்த பிறகும், நிலம் ஜெர்மானியப் பிரபுக்களின் கைக்குப் போன பிறகும், குடியானவர்கள், குறிப்பாகப் பெண்கள், வயலிலும் திருமணத்திலும் தாலாட்டிலும் இவற்றைப் பாடிவந்தார்கள். இவற்றில் சூரியன் ஒரு பெண், பெயர் சௌலே. விடிவெள்ளிக்கு நிச்சயித்த பெண்ணைக் கவர்ந்துகொண்ட குற்றத்திற்காக அவள் நிலவைக் கூரிய வாளால் வெட்டுகிறாள் என்கிறது ஒரு பாட்டு. நிலவு தேய்ந்து காண்பதற்கு இதைவிட அழகான விளக்கத்தை நான் கேட்டதில்லை. இடிக்குத் தெய்வம் பேர்கோன்ஸ், விதிக்கும் பிள்ளைப்பேற்றிற்கும் லைமா. மாட்டுத் தொழுவத்தைக் காக்கும் மாரா என்ற பெயரில் அன்னை மரியாளின் சாயல் இருப்பதாக அறிஞர்கள் சிலர் கருதுவதையும் மறைக்க வேண்டியதில்லை. மாஸ்கோவில் வீட்டு ஆசிரியராக இருந்த கிரிஷ்யானிஸ் பரோன்ஸ், ஊர் ஊராக வந்து குவிந்த பாட்டுகளை மூன்று சென்டிமீட்டர் அகலத் தாள் துண்டுகளில் எழுதி வகைப்படுத்துவதற்காக 1880-இல் இழுப்பறைகள் நிறைந்த ஓர் அலமாரியைச் செய்வித்தார். 1894 முதல் 1915 வரை வெளிவந்த தொகுதிகளில் மாற்று வடிவங்களையும் சேர்த்து 2,17,996 பாட்டுகள் அச்சேறின. அந்த அலமாரியை யுனெஸ்கோ 2001-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

ஆனால் பழஞ்சமயம் அப்படியே அறாமல் தொடர்கிறது என்று சொல்லிவிடவும் கூடாது. 1925-இல் எர்னெஸ்ட்ஸ் பிராஸ்தின்ஷ் தொடங்கிய 'தியெவ்துரீபா' இயக்கம் பாட்டுகளைக் கொண்டு திரும்பக் கட்டிய சமயம். அவர் 1942-இல் சோவியத் காவலில் உயிரிழந்தார். லீகோ நெருப்பைச் சுற்றி நிற்பவர்களில் பலர் லூத்தரன் அல்லது கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள், இன்னும் பலர் எந்தச் சமயமும் இல்லாதவர்கள். ஆயினும் பாட்டு ஒன்றுதான்.

கட்டுரையாளர் கையாண்ட 'அஞ்ஞானிகள்' என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். 1713-இல் தரங்கம்பாடியில் ஜெர்மானியக் கிறித்தவ மறைப்பணியாளர் சீகன்பால்கு அச்சிட்ட தமிழ்ச் சிறுநூல் நம் முன்னோரின் வழிபாட்டை 'அக்கியானம்' (அஞ்ஞானம்) என்றே தலைப்பில் பழித்தது. நம்மை நோக்கி வீசப்பட்ட அந்தச் சொல்லை இன்னொரு மக்களை நோக்கித் தமிழ் ஏடு ஒன்று வீசக் கண்டது எனக்கு உண்மையிலேயே வருத்தமளித்தது. 'பழஞ்சமயம்' என்றோ, அவர்களுடைய சொல்லாலேயே 'தைனா மரபு' என்றோ திருத்தி ஒரு குறிப்பு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்