முன் பிரேக் வேலை பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரமாக, வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தியதும் பல பேர் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "பிரேக்கை நீங்களே கெடுத்துவிட்டு, நன்றாக இருந்த ஹோஸையும் மாற்றிப் பணம் வாங்கினீர்களாமே?" (ஹோஸ் என்பது கைப்பிடியிலிருந்து வீலுக்குப் பிரேக் ஆயில் போகிற ரப்பர் குழாய்.) கேட்கிறவர்கள் எல்லோரும் பல வருஷமாக நம்மிடம் வருகிறவர்கள். அவர்கள் கேட்டுவிட்டார்கள். கேட்காமலே மனதில் வைத்திருப்பவர்களும் இருப்பார்களே என்றுதான் இதை எழுதுகிறேன்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். இருபது வயதைத் தாண்டிய வண்டி, முன்னால் டிஸ்க் பிரேக். பேட் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற கட்டை) முழுக்கத் தேய்ந்து, இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தத்தோடு வந்தது. பேட் மாற்றிக் கொடுத்தோம். மூன்றாம் நாள் வண்டிக்காரர் திரும்பி வந்தார். ஓடிக்கொண்டிருக்கும்போதே முன் வீல் பிடித்துக்கொண்டதாகவும், ஓரங்கட்டி அரை மணி நேரம் நின்ற பிறகு தானாகவே விட்டதாகவும் சொன்னார். அவர் விழாமல் ஓரங்கட்ட முடிந்ததே பெரிய விஷயம். அதை நினைத்தால் எனக்கு இன்னும் படபடக்கிறது. அவர் கோபப்பட்டதில் ஒரு தப்பும் இல்லை.

இந்தப் பழுதில் உள்ள சிக்கல், வண்டி நம்மிடம் வந்து சேர்வதற்குள் பிரேக்கின் சூடு ஆறிப் பிடிப்பு விட்டிருக்கும். வீலைத் தூக்கிச் சுற்றினால் பஞ்சு போலச் சுற்றும். அதனால் லீவரை இருபது தடவை அழுத்தி அழுத்தி விட்டோம். வீல் இறுகிக்கொண்டது. முதலில் மேலே, மாஸ்டர் சிலிண்டரில் (லீவரை அழுத்தினால் ஆயிலைத் தள்ளுகிற பாகம்) ஹோஸ் சேருகிற பேஞ்சோ போல்ட்டைத் துணி சுற்றி லேசாகத் தளர்த்தினோம். (துணி எதற்கென்றால், பிரேக் ஆயில் பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்துவிடும்.) வீல் விடவில்லை. மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் திரும்புகிற ஊசிமுனைத் துளை அடைத்திருந்தால் அங்கேயே அழுத்தம் இறங்கி வீல் விட்டிருக்கும். அடுத்து கீழே, காலிப்பரில் (வீல் பக்கம் பேட்டைப் பிடித்திருக்கிற பாகம்) ஏர் எடுக்கிற நிப்பிளைத் திறந்தோம். ஆயில் பீய்ச்சி அடித்தது, வீல் விட்டது. திறந்த பிறகும் இறுக்கமாகவே இருந்திருந்தால் பேட்டைத் தள்ளுகிற பிஸ்டனோ, காலிப்பர் நகர்கிற ஸ்லைடு பின்னோ துருவில் சிக்கியிருக்கிறது என்று பொருள். மேலே திறந்தும் வீல் விடவில்லை, கீழே திறந்ததும் விட்டது என்றால், நடுவில் இருப்பது ஹோஸ் ஒன்றுதான்.

"நன்றாக இருந்த ஹோஸ்" என்கிற பேச்சுதான் என்னை மிகவும் வருத்தியது. வெளியே பார்த்தால் அது நன்றாகத்தான் இருந்தது. வெடிப்பில்லை, கசிவில்லை, துடைத்தால் பளபளவென்று கறுப்பாக இருந்தது. கழற்றிய பிறகு அதை நீளவாக்கில் பிளேடால் கிழித்துப் பார்த்தோம். உள்ரப்பர் ஊறி உப்பி, ஓர் இடத்தில் ஓட்டையே தெரியாத அளவுக்கு அடைத்திருந்தது. பக்கத்தில் ஒரு சின்னத் தோல் உரிந்து நாக்கு போலத் தொங்கியது. நாம் லீவரைப் பிடிக்கும்போது வருகிற அழுத்தத்துக்கு அந்த நாக்கு வழிவிட்டுவிடும். லீவரை விட்ட பிறகு ஆயிலைத் திருப்பித் தள்ள அப்படி ஒரு விசை கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் சற்றே மடங்கி மீள்கிற அந்த மெல்லிய இழுப்புதான். அந்த இழுப்புக்கு நாக்கு திறக்காது. உள்ளே போன ஆயில் அங்கேயே நிற்கும், பேட் டிஸ்க்கை உரசும், டிஸ்க் சூடாகும், அந்தச் சூட்டில் ஆயில் விரிந்து இன்னும் இறுக்கும். கடைசியில் வீல் பிடித்துக்கொள்ளும். புதுப் பேட் போட்டதால் வந்த பழுது அல்ல இது. சொல்லப்போனால், பழைய பேட் அவ்வளவு சீக்கிரம் தேய்ந்ததே இதனால்தான். அதை முதல் நாளே நாங்கள் கவனித்திருக்கலாம்.

பல கம்பெனிகளின் சர்வீஸ் கையேட்டில் ஹோஸை 4 வருஷத்துக்கு ஒரு தடவையும், பிரேக் ஆயிலை 2 வருஷத்துக்கு ஒரு தடவையும் மாற்றச் சொல்லியிருப்பார்கள். ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தர வகை) ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகு அதற்கான அளவு 155 டிகிரிதான். பழைய ஆயிலோடு இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கினால், சூட்டில் ஆயில் கொதித்து லீவர் திடீரென்று காலியாகப் போவது இதனால்தான். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் டாட் 4 என்று இருந்தால் அதையே ஊற்றுங்கள். டாட் 5 என்பது சிலிக்கோன், வேறு வகை, இரண்டும் கலக்கக் கூடாது.

வேறு குறைகளையும் நீங்களே பிரித்துப் பார்க்கலாம். லீவர் பஞ்சு மாதிரி அமுங்கி, அடித்து அடித்துப் பிடித்தால் கெட்டியாகிறது என்றால் உள்ளே ஏர். பிடித்தபடியே வைத்திருக்கும்போது மெல்ல மெல்ல ஹேண்டில்பாரை நோக்கி இறங்குகிறது, வெளியே கசிவும் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் போய்விட்டது. லீவர் கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லையென்றால் பேட்டைப் பாருங்கள். முன் ஃபோர்க் சீல் கசிந்து ஆயில் இறங்கியிருக்கலாம். எண்ணெயில் ஊறிய பேட்டை உப்புத்தாளில் தேய்த்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பேட் விடாமல் உரசுகிறதோ என்று சந்தேகம் இருந்தால் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு டிஸ்க்கில் இரண்டு சொட்டு தண்ணீர் விடுங்கள். பிரேக்கே பிடிக்காமல் வந்தும் 'சுர்' என்று ஆவியானால் பேட் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. கையால் மட்டும் தொட்டுப் பார்க்காதீர்கள்.

இனிமேல் பழைய வண்டிகளில் பேட் மட்டும் மாற்றி அனுப்பப் போவதில்லை. பிஸ்டனைச் சுத்தம் செய்து, ஆயில் மாற்றி, சூடேறும் வரை ஓட்டிப் பார்த்த பிறகே கொடுப்போம். அதற்கு வண்டியை ஒரு நாள் விட்டுப் போக வேண்டியிருக்கும், கூலியும் கொஞ்சம் கூடும்.

இந்த இரண்டு வாரமும் கேள்வி கேட்டுவிட்டு, அதே கையோடு சாவியையும் கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அப்பா ஓட்டிய வண்டியை இன்று மகன் கொண்டுவருகிறார். இவ்வளவு காலம் எங்களை நம்பியதற்கு மனமார்ந்த நன்றி. அந்த வாடிக்கையாளரிடம் நேரில் போய் வருத்தம் தெரிவித்தேன். ஹோஸ் மாற்றிய கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கிழித்த ஹோஸைத் தூக்கிப் போடவில்லை. பில் போடும் மேஜையிலேயே இருக்கிறது. அடுத்த தடவை வரும்போது கையில் எடுத்துப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பட்டறைக்காரர்