முதல் டோக்கனை எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்

அரசு மருத்துவமனைகளுக்குப் பொறுப்பான உயர் அதிகாரிகளுக்கு வணக்கம்.

பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு வரும் வலிப்பு நோய், ஆட்டிசம் உள்ள 100 பேரில் 10 பேருக்காவது வருகிறது. இது உங்களுக்குத் தெரியாததல்ல. பிள்ளைகளின் குறைபாடுகளைச் சீக்கிரமே கண்டறிய 2013இல் வந்த ஆர்.பி.எஸ்.கே. அரசுத் திட்டத்தின் 30 குறைபாடுகளில் இரண்டுமே இருக்கின்றன. ஆனால் பேச்சுப் பயிற்சி ஒரு கட்டடம், வலிப்பு ஓ.பி. இன்னொரு கட்டடம், நடுவில் அலைவது நாங்கள்.

என் மகனுக்கு நாலு வயது. சாப்பிடும்போது திடீரென்று சுவரையே வெறிப்பான், சப்புக்கொட்டுவான். "ஆட்டிசப் பிள்ளை அப்படித்தாம்மா, கூப்பிட்டால் திரும்பாது" என்றே எட்டு மாதம் போனது. தோளைத் தொட்டு உலுக்கியும் திரும்பாததை ஃபோனில் படம்பிடித்துக் காட்டிய பிறகுதான், இது வலிப்பா என்று பார்க்க ஈ.ஈ.ஜி. (தலையில் ஒயர் ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதியும் பரிசோதனை) எழுதிக்கொடுத்தார்கள்.

சொன்னபடியே தலைக்குக் குளிப்பாட்டி, எண்ணெய் வைக்காமல், நள்ளிரவு வரை தூங்கவிடாமல் வைத்திருந்து, நாலு மணிக்கு எழுப்பி முதல் பஸ்ஸில் கூட்டிவந்தேன். சீப்பு பட்டாலே அலறுகிறவன் தலையில், அசந்திருந்தால்தான் ஒயர் ஒட்ட முடியும். எட்டரை மணிக்கு பெஞ்சில் என் மடியிலேயே தூங்கிவிட்டான். எங்கள் டோக்கன் 14. கூப்பிட்டது பதினொன்றரைக்கு. அதற்குள் விழித்துவிட்டான். சீட்டில் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதி, இரண்டு மாதம் தள்ளித் தேதி கொடுத்தார்கள். ஒத்துழைத்துத்தானே ஐயா எட்டரைக்கே தூங்கினான்?

புது இயந்திரம் கேட்கவில்லை. ஆட்டிசப் பிள்ளைகளுக்கு ஈ.ஈ.ஜி.யில் முதல் டோக்கன், அவ்வளவுதான்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஆட்டிசம் உண்டு, வலிப்பு இல்லை. சான்றிதழ் வாங்கப் போகும்போது வலிப்பை வீட்டில் விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் கூட்டிப்போக வேண்டும் போல! சரி, அது டெல்லிக்கு எழுத வேண்டிய கடிதம். உங்கள் கையில் இருப்பது டோக்கன்.

அடுத்த தேதிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. வெறிப்பது இப்போது ஒரு நாளைக்கு நாலைந்து தடவை ஆகிவிட்டது. அதற்குள் எல்லா மருத்துவமனைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பி, எங்கள் பிள்ளைகளுக்கு முதல் டோக்கன் கிடைக்கச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கும் அவன் எட்டரைக்குத் தூங்கிவிடுவான்.

இப்படிக்கு,
டோக்கன் 14இன் அம்மா